மேல் வரிசைப் பல்

இடது கை மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். வலது கை மாட்டின் தாடைக்கு அடியில் போகும். கட்டைவிரல் மட்டும் மேலே எழுந்து கீழுதட்டை அழுத்தும். உதடு மடங்கியதும் மாடு ஒரு தடவை பின்வாங்கும். அதற்குள் ஆதிநாராயணன் பார்த்து முடித்திருப்பார். "நாலு பல்லு. அடுத்த ஜோடி ஆடிக்கினு கீது. தை பொறந்தா ஆறு பல்லு" என்பார். பிறகு கட்டைவிரலைத் தோள்துண்டின் வலது முனையில் துடைப்பார். முகம் துடைக்க இடது முனை. முனை மாறி ஒருவரும் பார்த்ததில்லை.

ஏளாவூருக்கு மேற்கே, ஆந்திர எல்லையைத் தொட்டாற்போல் கிடக்கும் ஊர்களில் மாடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வியாழக்கிழமைச் சந்தையில் முதலில் தேடுவது அவரைத்தான். வயது நாற்பத்தெட்டு. மரத்திலேயே காய்ந்துவிட்ட முருங்கைக்காய் போன்ற உடம்பு. வாங்குகிறவரிடம் தமிழ், விற்கிறவரிடம் தெலுங்கு, மாட்டிடம் எப்போதும் தெலுங்கு. காரணம் கேட்டால், "நெல்லூர்ப் பக்கத்து மாடு நைனா. தமிழ்ல பேசினா கவர்மெண்டு ஆளுன்னு மெரளுது" என்பார்.

மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறார். பேசுகிறவரின் கண்ணைப் பார்ப்பதில்லை. கீழுதட்டுக்கு மேலே தெரிகிற வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறார். தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்க வந்தவர்கள் மஞ்சள் பூசிய கற்களை நட்டுக்கொண்டிருந்த வருஷம், ஊரே சர்வேயரைச் சூழ்ந்து நின்று எந்த நிலம் போகும், எது தங்கும் என்று கேட்டது. ஆதிநாராயணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "சார், ஒங்களுக்கு முப்பத்தேழு. வெத்தல பாக்கு வுட்டுட்டா முப்பத்தஞ்சு சொல்லலாம்" என்றார். சர்வேயர் அன்று மாலைவரை வாயை மூடிக்கொண்டே அளந்தார்.

தரகு வேலையில் பொய் உண்டு. அவரும் சொல்வார். சுழி சரியில்லை என்றால் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே பேசுவார். ஏரில் பூட்டியதும் படுத்துக்கொள்கிற மாட்டை, "கொஞ்சம் யோசனைக்கார மாடு" என்பார். பல்லில் மட்டும் பொய் கிடையாது. கிழட்டு மாட்டின் பல்லை அரத்தால் ராவி இளசு என்று தள்ளிவிடப் பார்த்த ஒரு தரகனிடமிருந்து அரத்தைப் பிடுங்கி ஏரியில் எறிந்திருக்கிறார். அந்த ஆள் இன்றும் அவரைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறான்.

அந்தக் கட்டைவிரலுக்குப் பழக்கமில்லாத ஓர் இடம் உண்டு. மாட்டுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது. தேய்ந்த குதிகால் மாதிரி ஒரு தடித்த ஈறு, அவ்வளவுதான். முப்பது வருஷமாக அவர் கை மேலுதட்டுக்குப் போகவேண்டிய வேலையே வந்ததில்லை.

அவருடைய தங்கை மணியம்மாளை அடுத்த தெருவிலேயே சின்னராசுவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல். ஒரே பெண், கங்கம்மா. பால்பல் விழத் தொடங்கியதிலிருந்து வாரம் ஒருமுறை மாமன் அவளைப் பிடித்து நிறுத்துவார். கட்டைவிரல் கீழுதட்டை அழுத்தும். "ரெண்டு பல்லு." சில மாதம் போனபின், "நாலு பல்லு. ஜோரா கீது. எந்த ஊருக்காரன் கேட்டாலும் குடுக்கறதில்ல." கங்காவும் மாடு மாதிரியே தலையை உதறிப் பின்வாங்குவாள். சிரிக்கும்போது மட்டும் மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வாள். மணியம்மாள் அதைப் பார்த்திருக்கிறாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்பது நடந்துகொண்டிருந்த வருஷம், மாட்டுப் பொங்கலன்று ஆதிநாராயணன் தன் ஜோடி மாட்டுக்குக் கொம்பில் நீலம் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கங்கா கரும்பு தின்றாள். முன்பல்லால் கடித்து இழுக்காமல், கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக் கடைவாயில் கொடுத்துக் கஷ்டப்பட்டு உரித்தாள். மாமன் தூரிகையை நிறுத்தினார்.

"இன்னா கங்கா, கெழம் மாதிரி துன்றே?"

"இப்டித்தான் மாமா வரும்."

நீலம் படிந்த விரலாலேயே அவள் மேலுதட்டைத் தூக்கினார். வலதுபக்கம் பெரிய முன்பல் ஒன்று வளர்ந்து நின்றது. இடதுபக்கம், அதன் ஜோடி வரவேண்டிய இடத்தில், விழாத பால்பல் நொய்யரிசி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே ஈறு, புளியங்கொட்டையை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் புடைத்திருந்தது. அழுத்தினார். அமுங்கவில்லை.

"வலிக்குதா?"

"ம்ஹூம்."

"எத்தினி நாளா கீது?"

"தெர்ல மாமா. அது எப்பவுமே கீது."

ஆதிநாராயணன் எழுந்து போய்க் கையைக் கழுவினார். அந்த வருஷம் அவர் மாடுகளில் ஒன்று ஒற்றைக் கொம்பு நீலத்தோடு ஊர்வலம் போயிற்று. தங்கையிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தை: "ஊரான் மாட்டு வாயெல்லாம் முழுசா பாத்தேன் மே. எங்க ஊட்டு வாய பாதிதான் பாத்துகீறேன்."

கும்மிடிப்பூண்டியில் மருந்து கொடுக்கிற ஒருவர், சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும், பன்னிரண்டு வயதுவரை பொறுத்துப் பார்க்கலாம் என்றார். "ஜோடியில ஒண்ணு வந்து ஒண்ணு வர்லேன்னா, உள்ள இன்னாவோ வழிய அடைச்சிக்கினு கீதுன்னு அர்த்தம். பொறுத்துப் பாக்கறதுக்கு அது இன்னா, மழையா?" என்று சொல்லிவிட்டு ஆதிநாராயணன் எழுந்து வந்துவிட்டார்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. கங்காவுக்குக் கைக்குழந்தையில் முதல் பல் முளைத்தது மேல் வரிசையில். மேல் பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்போதே தோஷம் கழித்திருந்தார்கள். கிண்ணத்து எண்ணெயில் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மாமன் நேரில் பார்த்தார். முந்திய அந்தப் பல்தான் அதுவரை விழாமல் இருந்த பல். கோடி வீட்டு அம்மாள் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள்.

"தோ பாரு மணி. அது மாமன் பல்லு. மொதல்ல வந்துச்சு, கடைசியாத்தான் போவும். அது இவ வாயில கீற வரைக்கும் ஒங்கண்ணன் பூமியில கீறான். கத்திய வெச்சீங்கன்னா, அப்பால என்னக் கேக்காதீங்க."

மணியம்மாள் அதைக் கேட்டுவிட்டு வந்து மகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். கட்டி பயமுறுத்தியது. அண்ணன் தெருவில் நடந்து போனதைப் பார்த்தாள். அதுவும் பயமுறுத்தியது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொடு என்று யாரோ அவளிடம் கை நீட்டுவது போலிருந்தது. அண்ணனிடம் அழுதாள்.

அவர் சிரித்தார். "பல்லு அவ வாயில கீதா, என் வாயில கீதா? இத்தத் தொட்டா அத்த புடுங்குமா? சும்மா கெட மே. வியாழக்கெழம காலைல ஏழு மணி வண்டி. பழைய சோறு துன்னுட்டு ரெடியா இரு."

சென்னையில் பல்லுக்கென்றே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிற நாள் வியாழன். சந்தையும் வியாழன். வருஷத்தில் ஒரு சந்தை தவறாத மனிதர் தொடர்ந்து ஐந்து வியாழக்கிழமை காணாமல் போனார். முதல் வாரம் போய்ச் சேர்ந்தபோது சீட்டு கொடுக்கிற நேரம் முடிந்திருந்தது. இரண்டாவது வாரம் பார்த்து, படம் எடுக்க எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் படம். நான்காவது வாரம் அறுக்க நாள் குறித்திருந்தது. கங்காவுக்குக் காய்ச்சல் கண்டதால் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் மூவருக்கும் சோறு கட்டிக்கொடுத்தவள் ஆதிநாராயணனின் மனைவி லட்சுமியம்மாள். பேச்சுக் குறைந்தவள்.

சந்தைக்காரர்கள் விடுவார்களா. வழியில் பார்த்த ஒருவன் கேட்டான்: "ஆதி, பட்டணத்துல பல்லு பாக்கறியாமே. டாக்டருக்கு எத்தினி பல்லு?"

"முப்பத்திரெண்டு. அல்லாம் சொந்தப் பல்லு. ஒன்னுத எண்ணட்டா?"

அந்த டாக்டர் சின்ன வயதுப் பெண், பெயர் வைஜயந்தி. திருவள்ளூர்க் கோயில் கைங்கரியக் குடும்பம். கங்காவின் ஈற்றை விரலால் இருபுறமும் தடவிப் பார்த்துவிட்டு, "இதை யார் மொதல்ல கவனிச்சது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. மாட்டுத் தரகு."

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் லேட்டாப் பாத்திருக்கேள். ஆனா சரியாப் பாத்திருக்கேள்."

படம் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆதிநாராயணன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். கறுப்புக்குள் ஒரு சின்னப் பை. பைக்குள் வெள்ளை வெள்ளையாக, நசுங்கியும் சரிந்தும், பொடிப் பற்கள். அதற்கு மேலே, அகலமாக ஒரு முழுப் பல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தது.

"ஒரே ஒரு பல்லு செய்யவேண்டிய எடத்துல, உடம்பு கொழம்பிப்போயி இத்தனை குட்டிப் பல்லு செஞ்சு வெச்சிருக்கு. இதுவும் கட்டிதான். ஆனா கெட்ட கட்டி இல்லே. பரவாது. நெஜப் பல்லு இதோ, மேல மாட்டிண்டிருக்கு. பால்பல்லையும் இந்தப் பையையும் எடுத்து வழி விட்டா, வரலாம்."

"வரும்னு சொல்லும்மா."

"வரலாம்னுதான் சொல்லுவேன்."

ஆதிநாராயணன் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று மணியம்மாளுக்குத் தெரிந்தது. "எடுக்காம வுட்டா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அது அவள் ஆஸ்பத்திரியில் பேசிய முதல் பேச்சு.

"மெதுவா வளரும். பக்கத்துப் பல்லைத் தள்ளும். உள்ளே இருக்கற பல்லு எலும்புக்குள்ளேயே படுத்துடும். சுத்தி நீர் கோத்துண்டா எலும்பையே அரிச்சிடும். இப்போ எடுத்தா சின்ன வேலை."

ஐந்தாவது வியாழக்கிழமை அறுவைக்கு எழுதிக்கொடுக்கத் தகப்பன் வரவேண்டும் என்றார்கள். சின்னராசு வரவில்லை. நெல் காயப்போட்டிருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தான். உண்மைக் காரணத்தை மனைவியிடம் மட்டும் சொன்னான்: "மச்சான் சாவுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்னு நாளைக்கு ஊரு பேசும். நான் மாட்டேன்."

தாயின் கைநாட்டு போதும், கூட ஒரு பெரியவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும் என்று நர்ஸ் தாளை நீட்டினாள். மணியம்மாளின் கட்டைவிரல் மசியில் தோய்ந்தது. தாளுக்கு மேல் வந்து நின்றுவிட்டது. மசி காயத் தொடங்கியது. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணா, இத்த நான் வெச்சப்பறம் ஒனக்கு எதுனா ஆச்சுன்னா?"

"எனக்கு ஆவறது எனக்கு. அவளுக்கு ஆவறத பாரு." தன் கட்டைவிரலை அவள் கட்டைவிரல் மேல் வைத்து, ஒரே அழுத்தாகத் தாளில் அழுத்தினார். இரண்டு விரலின் பாரமும் இறங்கியதில் ரேகை தெரியாமல் வட்டமாகப் பதிந்தது. நர்ஸ் இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும் அவரே அழுத்தினார்.

"நீங்க யாரு?" என்றாள் நர்ஸ்.

"தாய்மாமன். எம்மடியில குந்த வெச்சித்தான் அவளுக்குக் காது குத்துனாங்க. இதுவும் குத்தறதுதான?" சாட்சி இடத்தில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் போடத் தெரிந்தது அதில்தான்.

கதவு சாத்தியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்த மணியம்மாள் கதவைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பு ஏறுகிறதா, இறங்குகிறதா. நெற்றியில் வியர்வை இருக்கிறதா.

"இன்னாமே எம்மூஞ்சிய பாக்கறே. சினிமாவா ஓடுது?"

"ஒண்ணுமில்லண்ணா."

"தண்ணி குடிச்சிட்டு வரவா?"

"வேணாம். இங்கயே இரு."

முக்கால் மணி கழித்துக் கங்கா நடந்தே வெளியே வந்தாள். உதடு வீங்கி, வாயில் பஞ்சு. மாமனைப் பார்த்ததும் கண்ணால் சிரித்தாள். பின்னால் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலோடு வந்தாள். "உங்களுக்குத்தான் இதிலே இஷ்டம் இருக்கும்னு கழுவி வெச்சேன்" என்றாள். ஆதிநாராயணன் பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்தார். பொடிப் பற்கள். சில அரிசிமணி அளவு, சில கேழ்வரகு அளவு. நகத்தால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினார். இருபத்துமூன்று. ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இத்துக்கு வேரு கூட கீது, பாரேன்" என்றார். மணியம்மாள் பல்லைப் பார்க்கவில்லை. அவர் கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கவில்லை.

திரும்பும்போது கூடூர் பாசஞ்சரில் கங்கா மாமன் மடியில் தூங்கிவிட்டாள். அவரும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். அத்திப்பட்டில் மணியம்மாள் அவர் கையைத் தொட்டாள். மீஞ்சூரில் தொட்டாள். பொன்னேரியில் தொட்டபோது கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பொன்னேரிதான வந்துகீது. கும்முடிபூண்டி வரைக்கும் டிக்கெட் எடுத்துகீறேன். அதுவரைக்கும் கண்டிப்பா இருப்பேன்." எதிர் சீட்டில் கூடை வைத்திருந்த ஒருத்தி என்னவென்று தெரியாமலே சிரித்தாள். மணியம்மாளும் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

மாமன் சாகவில்லை. ஆனால் பல்லும் வரவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், ஐந்து மாதம். ஈறு வெறும் பள்ளமாகக் கிடந்தது. கோடி வீட்டு அம்மாள் இப்போது அதற்கும் கணக்கு வைத்திருந்தாள்: பல் வரும் அன்றைக்குத்தான் மாமனுக்கு நாள். மணியம்மாள் ஈற்றைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். ஆதிநாராயணன் விடவில்லை. வியாழன்தோறும் சந்தைக்குப் போகுமுன் அடுத்த தெருவுக்கு வந்து, கங்காவின் மேலுதட்டைத் தூக்கி, ஈற்றின்மேல் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சந்தையை விட்டுவிட்டு ரயிலேறி டாக்டரிடம் காட்டிவிட்டு வருவார். டாக்டர் "வரலாம்" என்பாள். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்புவார்.

எட்டாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, விரலை வைத்தவர் எடுக்கவில்லை.

"மணீ, இங்க வா. வெரலக் குடு."

அவள் தயங்கினாள். அவர் அவள் விரலைப் பிடித்து வைத்தார். ஈற்றில் முறத்து விளிம்பு மாதிரி ஒரு கூர் தட்டியது.

இப்போது கங்காவுக்குப் பன்னிரண்டு. அந்தப் பல் இறங்கி நிற்கிறது. கொஞ்சம் உட்பக்கம் திரும்பினாற்போல். கரும்பு கடிக்கப் போதும். "ஒரு நூலு கோணல். அத்த மறைக்கக் கூடாது. சொல்லித்தான் குடுக்கணும்" என்கிறார் ஆதிநாராயணன், அவளை எங்கோ விற்கப் போவதுபோல். கங்கா கரும்பைக் காட்டி அவரை அடிக்க ஓங்குகிறாள். சந்தையில் அந்தக் கண்ணாடி பாட்டில் அவர் மடியிலேயே இருக்கிறது. பேரம் முறியும்போது எடுத்துக் காட்டி, எண்ணச் சொல்லி, மனசு இளகின பிறகு மறுபடி பேரத்துக்கு வருகிறார். மாமன் பல் கதையை யாராவது கிளறினால், "அது பொம்பளைங்க பேச்சு நைனா" என்று துண்டை உதறிவிடுகிறார். அவர் அதை ஒருநாளும் நம்பியதில்லை என்றுதான் சந்தையும் ஊரும் நினைத்தன. மணியம்மாளும் நினைத்தாள்.

இந்த வருஷம் அடைமழைக்கு முன்னால் அண்ணன் வீட்டில் அரிசிப் பானைகளைக் கழுவிக் கவிழ்க்க மணியம்மாள் உதவிக்குப் போனாள். அடிப்பானையைச் சாய்த்தபோது லட்சுமியம்மாள் போகிறபோக்கில் சொன்னாள்.

"கங்காவுக்கு அறுத்த அன்னிக்கிக் காலைல குளிச்சிட்டு வந்தாரு. இடுப்புல கீற வெள்ளி அருணாக்கொடிய கழட்டினாரு. கட்டின நாளா கழட்டாதது. கொக்கி இறுகிப்போய் வர்ல. வாயில வெச்சிக் கடிச்சித் தொறந்தாரு. உசுரு கீற ஆம்பள அத்த கழட்டுவாங்களான்னு கேட்டேன். 'சாயந்தரம் பொணத்துக்கிட்ட நின்னுக்கினு இத்த அறுக்கறவனுக்கு எதுக்கு பேஜாரு'ன்னாரு. மணிகிட்ட வாயத் தொறக்காதேன்னாரு."

முழங்கை வரைக்கும் கையை விட்டு அதை இந்தப் பானையின் அடியில் புதைத்தாராம். கையை எடுத்ததும் அரிசியில் குழி விழுந்தது. அந்தக் குழியை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்துவிட்டு, ஏழு மணி வண்டிக்குக் கிளம்பினாராம்.